'பார்ட் வரலை சார்': மின்சாரக் கார் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ரேஞ்ச் எவ்வளவு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று கேட்டவை குறைவு. கார் சர்வீஸ் சென்டரில் நிற்கிறது, பாகம் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டவைதான் அதிகம். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: மூன்று வருடம் ஓட்டிய மின்சாரக் கார். வீட்டில் சார்ஜ் ஏறுவது திடீரென்று நின்றுவிட்டது. ஆன்போர்டு சார்ஜர் போய்விட்டது, வாரண்டியில் மாற்றித் தருகிறோம் என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் செய்தால் 'பார்ட் வரலை சார், அடுத்த வாரம் பாருங்க' என்கிறார்கள். ஒரு சார்ஜருக்கா இவ்வளவு நாள்? (வாசகர், கோவை)

பதில்: அய்யா, முதலில் சர்வீஸ் அட்வைசரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். வண்டி ஓடுமா, ஓடாதா? ஆன்போர்டு சார்ஜர் செய்கிற வேலை, வீட்டு பிளக்கில் வருகிற ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புவது. பங்க்கிலும் ஹைவே ஓட்டலிலும் நிற்கிற டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் அந்த மாற்றம் வெளியே இருக்கிற பெட்டியிலேயே முடிந்துவிடுகிறது, மின்சாரம் காரில் இருக்கும் சார்ஜரைத் தொடாமல் நேராக பேட்டரிக்குப் போகிறது. அதாவது சார்ஜர் மட்டும்தான் போயிருக்கிறது என்றால், பல மாடல்களில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுக்கொண்டு வண்டியை ஓட்டலாம். ஓட்டக்கூடிய வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் தூசி படிந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. 'பாகம் வரும்வரை ஓட்டலாம்' என்று ஜாப் கார்டிலோ மெயிலிலோ எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆனால் சில கார்களில் சார்ஜரும் டிசி-டிசி கன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் இருக்கும். பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து சாதாரண 12 வோல்ட் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருப்பது இந்தக் கன்வெர்ட்டர். அது போனால் 12 வோல்ட் இறங்கி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், பெரிய பேட்டரியில் எத்தனை சதவீதம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. உங்கள் வண்டி அந்த வகை என்றால் கண்டிப்பாக ஓட்டக் கூடாது. இந்த ஒருங்கிணைந்த பெட்டிக்காகத்தான் 2024 ஜூனில் இந்தியாவில் 1,744 ஹூண்டாய் ஐயோனிக் 5 கார்களும், அடுத்த மாதமே 1,138 கியா இவி6 கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான கார்களை அழைத்திருந்தன. எல்லா வண்டிக்கும் பெட்டி மாற்றவில்லை, நிறைய வண்டிகளுக்கு சாஃப்ட்வேர் அப்டேட்டோடு முடிந்தது. இருந்தாலும் பழுதானவை அத்தனைக்கும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே பாகம் தேவைப்பட்டால் வரிசை எப்படி நீளும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் தாமதம் என்பதற்கு வருகிறேன். பெட்ரோல் காரின் ஆல்டர்னேட்டர் போனால் டீலரிடம் இல்லாவிட்டாலும் வெளிக்கடையில் இருக்கும், அங்கேயும் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் பழையதாவது கழற்றி வைத்திருப்பார்கள். மின்சாரக் காருக்கு அந்த இரண்டாவது கடையும் இல்லை, மூன்றாவது கடையும் இல்லை. விற்ற வண்டியே குறைவு, அதில் உடைக்க வந்தது இன்னும் குறைவு. டீலரும் இவ்வளவு விலையுள்ள பெட்டியை 'என்றைக்காவது யாருக்காவது தேவைப்படும்' என்று பணம் போட்டு வாங்கி வைக்க மாட்டார். ஆகவே பழுது கண்டுபிடித்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது: வண்டியின் பதிவுகளைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள், வாரண்டி அனுமதி வர வேண்டும், வந்தால்தான் ஆர்டர் ஏறும், கம்பெனியின் மத்திய கிடங்கில் இருந்தால் சில நாளில் வரும், இல்லையென்றால் பாகம் செய்கிற சப்ளையரிடம் போகும், அந்த சப்ளையர் கடல் தாண்டி இருந்தால் அப்புறம் மாதக் கணக்குதான்.

இதில் உங்கள் வண்டி எந்தப் படியில் நிற்கிறது என்பதை 'பார்ட் வரலை' என்ற இரண்டு வார்த்தை மறைத்துவிடும். பல நேரம் ஆர்டரே போட்டிருக்க மாட்டார்கள், வாரண்டி அனுமதியிலேயே முடங்கியிருக்கும். அதனால் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: ஆர்டர் நம்பர் என்ன, எந்தத் தேதியில் போட்டது, அது வி.ஓ.ஆர். ஆர்டரா சாதாரண ஸ்டாக் ஆர்டரா. வண்டி ஓடாமல் நிற்கிறது, அவசரம் என்று போடுகிற ஆர்டருக்கு டீலர்கள் மத்தியில் வி.ஓ.ஆர். என்று பெயர். ஸ்டாக் நிரப்பும் ஆர்டரை விட அதற்கு முன்னுரிமை உண்டு. வாடிக்கையாளர் வாயிலிருந்து அந்த மூன்றெழுத்து வந்தாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். மெயிலை டீலருக்கு மட்டும் அனுப்பாமல் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் சேர்த்து அனுப்புங்கள். போனில் பேசியது எல்லாம் காற்றோடு போச்சு.

இன்னொன்று, பாகம் வந்த அன்றே சாவி கைக்கு வராது. புதுப் பெட்டியை வண்டியின் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும், அதற்கான கருவியும் அனுமதியும் அங்கீகரிக்கப்பட்ட இடங்களில்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் இன்வெர்ட்டர், யூபிஎஸ் போர்டெல்லாம் பிரமாதமாகச் சரிசெய்கிற ஒரு தம்பி இருக்கிறார். காரின் சார்ஜரையும் கழற்றிக் கொடுத்தால் போர்டு பார்த்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வாரண்டி இருக்கும்வரை கொடுக்காதீர்கள், சீல் உடைந்தால் அதைச் சாக்காக வைத்தே கையை விரித்துவிடுவார்கள். வாரண்டி முடிந்துவிட்டதா, அப்படியென்றால் தம்பியின் திறமை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, கழற்றுகிற வேலை பற்றித்தான் பயம். அந்த ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது முந்நூறு, நானூறு வோல்ட் டிசி. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை எடுத்து, கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இதைப் படித்துப் பழகியவர் கழற்றிக் கொடுத்தால் போர்டை யார் பார்த்தாலும் சரி.

வெளி மெக்கானிக்குக்கு பாகமும் ஸ்கேனரும் தராமல் பூட்டி வைப்பது சரியா என்பது பழைய சண்டை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதே காரணத்துக்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது, கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளமும் திறந்தது, அதில் வாகனத்துக்கும் இடம் உண்டு. தகவல் கிடைக்கும், பாகம் கிடைக்காது.

கேள்வி: ஸ்பீட் பிரேக்கர் என்று நினைத்து ஏறினால் அது உடைந்த கான்கிரீட். காரின் அடியில் பேட்டரிப் பெட்டி நசுங்கிவிட்டது. வண்டி ஓடத்தான் செய்கிறது, ஆனால் பேட்டரி மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்சூரன்ஸ் உண்டு. மூன்று மாதமாக வண்டி நிற்கிறது, இஎம்ஐ போய்க்கொண்டே இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி இந்தத் தாமதத்துக்குப் பணம் தராதா? (வாசகி, வேளச்சேரி, சென்னை)

பதில்: தராது அம்மா. பாலிசி பழுதுக்குத்தான் பொறுப்பு, பழுதால் வந்த அலைச்சலுக்கும் ஆட்டோ செலவுக்கும் இஎம்ஐக்கும் அல்ல. 'டெய்லி அலவன்ஸ்' என்று ஒரு கூடுதல் கவர் எடுத்திருந்தால் நாளுக்கு இவ்வளவு என்று சில நாட்களுக்குக் கிடைக்கும், மூன்று மாதத்துக்கெல்லாம் வராது.

உங்கள் கேஸில் எனக்குத் தாமதத்தை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி இவற்றுக்கெல்லாம் பாதி தேய்மானம் கழிப்பார்கள். மூவாயிரம் ரூபாய் பேட்டரிக்காக எழுதிய விதி அது, இன்றைக்கு பல லட்ச ரூபாய் பேட்டரியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'அதான் பம்பர் டு பம்பர் எடுத்திருக்கேனே' என்பீர்கள். தேய்மானம் கழிக்காத அந்தக் கவரிலும் பேட்டரி, டயர், டியூப் நீங்கலாக என்று ஒரு வரி இருக்கக்கூடும். கார் ஓட்டுகிற பெரிய பேட்டரியும் அந்த வரியில் அடங்குமா என்று பாலிசித் தாளை எடுத்துப் படியுங்கள், புரியாவிட்டால் கம்பெனியிடம் மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். பேட்டரிக்கென்றே தனிக் கவர் விற்கிறார்கள், அடுத்த ரினியூவலில் அதை விடாதீர்கள்.

அடுத்தது மொத்த இழப்பு. பழுதுச் செலவு வண்டியின் ஐடிவி மதிப்பில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற விலையில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியையே இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் கொடுத்துவிடுவார்கள். ஐடிவி 10 லட்சம் என்றால் எஸ்டிமேட் ஏழரை லட்சத்தைத் தாண்ட வேண்டும். உங்கள் எஸ்டிமேட் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பாகத்துக்காக இன்னும் மூன்று மாதம் காத்திருப்பதை விட அந்தப் பேச்சை எடுப்பது நல்லது என்பேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயரின் அனுமதி என்றைக்கு வந்தது என்பதையும் விசாரியுங்கள். இன்சூரன்ஸ் வேலையில் அனுமதி வராமல் டீலர் பேட்டரிக்கு ஆர்டர் போட மாட்டார், அவர் 'பார்ட் வரலை' என்று சொல்கிற மூன்று மாதத்தில் பாதி, ஃபைல் மேசையில் கிடந்த காலமாகக்கூட இருக்கலாம். இன்சூரன்ஸ் பக்கம்தான் இழுத்தடிப்பு என்றால் அவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பேட்டரி வந்து சேர ஏன் இத்தனை நாள் என்றால், லித்தியம் பேட்டரி போக்குவரத்து விதிகளில் அபாயகரமான பொருள். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரியை 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது, 35 கிலோவைத் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். கார் பேட்டரி 200 கிலோவுக்கு மேல் போகும். எனவே கப்பல், லாரி. கோவை வாசகரின் சார்ஜரை அவசரம் என்றால் விமானத்தில் ஏற்றிவிடலாம், உங்கள் பேட்டரியை அப்படி முடியாது.

கேள்வி: சொந்தமாக ஒரு மின்சாரக் கார் வாங்கி ஆப்பில் டாக்சி ஓட்டுகிறேன். மோட்டார் கன்ட்ரோலர் பழுதாகி ஏழு வாரம் வருமானம் இல்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், டாக்சி வியாபாரம், நீ நுகர்வோரே இல்லை, கேஸ் நிற்காது என்கிறார் டீலர். உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: பாதி உண்மையைச் சொல்லி உங்களைத் துரத்தப் பார்க்கிறார். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது நிஜம். அதே பிரிவின் விளக்கத்தில், பிழைப்புக்காகத் தானே உழைத்து வாழ்வதற்கு வாங்கியவரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. பத்து கார் வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் வேறு, சொந்தக் காரைத் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துகிற நீங்கள் வேறு. லைசென்ஸ், பேட்ஜ், ஆப்பில் உங்கள் பெயரில் இருக்கும் டிரிப் கணக்கு எல்லாம் இதற்குச் சாட்சி.

உடனே வழக்கு வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். நிறைய கம்பெனிகள் அதோடு நேரடியாக இணைந்திருக்கின்றன, புகார் டீலரைத் தாண்டிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போகும், கிடங்கில் 'இல்லாத' பாகம் சில நேரம் அப்போது கிடைத்துவிடும். அதிலும் நகரவில்லை என்றால் ஒரு நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கம்பெனி புனேயில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் அவர்கள்தான் மதுரைக்கு வர வேண்டும். 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டீலரை மட்டும் எதிர்த்தரப்பாகப் போடாதீர்கள், அவர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனி அவரைக் காட்டும். இரண்டு பேரையும் சேர்த்துப் போடுங்கள்.

கேட்கிற தொகையைக் கணக்கோடு கேளுங்கள். பழுதுக்கு முந்தைய சில மாதங்களின் டிரிப் வருமானம், அதில் செலவு போக நின்றது, நின்ற நாட்கள், கட்டிய இஎம்ஐ. இதற்குப் பதிலாக 'மன உளைச்சலுக்கு 50 லட்சம்' என்று எழுதித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் இழுக்கும். அதுவரை பிழைப்புக்கு, மாற்று வண்டி தர முடியுமா அல்லது நாள் வாடகை தருவார்களா என்று இப்போதே மெயிலில் கேட்டு வையுங்கள். மறுத்தாலும் அந்த மறுப்பு உங்கள் கேஸுக்கு ஆகும்.

கேள்வி: சீனா காந்தம் தராததால்தான் மின்சாரக் கார் பாகம் எதுவும் வருவதில்லை என்று எங்கள் கல்லூரியில் பேசிக்கொள்கிறார்கள். சரியா? (மாணவர், ஓசூர்)

பதில்: கொஞ்சம் சரி. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. இந்த இரண்டையும் சேர்க்காவிட்டால் மோட்டார் சூடாகும்போது காந்தம் பலம் இழக்கும். அதன் அடி பெட்ரோல் காருக்கும் விழுந்தது, ஜப்பானில் சுசுகி அந்த மே மாதக் கடைசியில் ஸ்விஃப்ட் உற்பத்தியையே நிறுத்தி வைத்தது. நம் ஊரில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் உற்பத்தி குறைந்தது.

ஆனால் சர்வீஸ் சென்டரில் நிற்கிற வண்டிகளில் மோட்டார் போனவை கொஞ்சம்தான். சார்ஜர், கன்வெர்ட்டர், பேட்டரியைக் கண்காணிக்கும் போர்டு, பேட்டரி இணைப்பைப் போட்டு எடுக்கிற காண்டாக்டர் சுவிட்ச் இவைதான் அதிகம் போகின்றன. சார்ஜருக்குக் காந்தம் காரணம் என்று யாராவது சொன்னால் சாக்கு சொல்கிறார் என்று அர்த்தம். காந்தமோ சிப்போ, எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் இருக்கிற சரக்கு முதலில் புது வண்டி செய்கிற லைனுக்குப் போகிறது, மீதி இருந்தால்தான் ஸ்பேர் கவுண்டருக்கு. புது வண்டி விற்றால் இந்த மாதக் கணக்கில் வருமானம், பழைய வண்டி நின்றால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள்? என் எரிச்சல் இதில்தான்.

கேள்வி: சர்வீஸ் சென்டர் யார்டில் மாதக் கணக்கில் நின்றால் நல்லா இருக்கிற பேட்டரியும் கெட்டுவிடாதா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: பெரிய பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் விட்டால் சில மாதம் தாங்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விட்டாலோ, நூறு சதவீதம் ஏற்றி வெயிலில் போட்டாலோதான் கேடு. முதலில் சாவது 12 வோல்ட் பேட்டரி. நீண்ட நாள் நிற்கும் என்று தெரிந்தால் அதன் கனெக்‌ஷனைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். விடும்போது எத்தனை சதவீதம், எத்தனை கிலோமீட்டர் என்று டிஸ்ப்ளேயை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு தகராறு வந்தால் உதவும்.

கேள்வி: மகன் வெளிநாட்டில் இருந்து முழுசாக இறக்குமதியாகும் ஒரு மின்சாரக் காரை வாங்கலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஷோரூம்கூட இல்லை. என்ன சொல்வது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம் என்றே சொல்லுங்கள். நல்ல காராகவே இருக்கலாம், ஆனால் கண்ணாடியும் பம்பரும்கூட கப்பலில் வர வேண்டிய காரை, ஷோரூம் இல்லாத ஊரில் ஒரே காராக வைத்துக்கொள்வது தேவையில்லாத தலைவலி. வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது என்றால் அது வேறு பேச்சு.

கேட்கவே மாட்டான் என்றால், டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ஷோரூம் பையன் ரேஞ்சைப் பற்றிச் சொல்லி முடித்ததும் கீழே சர்வீஸ் பகுதிக்கு இறங்கிப் போய், எத்தனை வண்டி பாகத்துக்காக நிற்கிறது என்று கண்ணாலேயே பாருங்கள். உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் இங்கேயே இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா? பேட்டரியில் ஒரு பகுதி போனால் அந்த மாட்யூலை மட்டும் மாற்றுவார்களா, முழு பேட்டரியா? செல்களை நேராகப் பெட்டியிலேயே ஒட்டிக் கட்டுகிற புது வடிவமைப்பில் பகுதி பகுதியாக மாற்றுவது கஷ்டம், முழுசாகத்தான் மாற்றுவார்கள். இந்தியாவில் அசெம்பிள் செய்கிற பேட்டரிகளிலும் செல் பெரும்பாலும் இறக்குமதிதான் என்றாலும், பெட்டி இங்கேயே கட்டப்படுவதால் காத்திருப்பு கொஞ்சமாவது குறையும்.

கம்பெனி நிலைக்குமா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற கம்பெனி 2024 ஜூனில் திவால் ஆனது. அதன் ஓஷன் காரை வாங்கியவர்கள் சங்கம் சேர்ந்து தாங்களே பாகம் தேடும் நிலைக்கு வந்தார்கள், வாரண்டித் தாள் கையில் இருக்கிறது, கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கேள்வி: வண்டி நான்கு மாதம் சர்வீஸ் சென்டரில் இருந்தது. அந்த நான்கு மாதத்தை வாரண்டியில் கூட்டித் தருவார்களா? (வாசகர், சேலம்)

பதில்: தானாகத் தர மாட்டார்கள். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நிறைய கம்பெனிகள் போடுகின்றன, அதில் வருடக் கணக்கு வண்டி நின்றாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாற்றிய புதுப் பாகத்துக்கும் பல கம்பெனிகளில் மீதியிருக்கும் வாரண்டிக் காலம் மட்டும்தான். கேட்டவர்களுக்கு மட்டும் நல்லெண்ணமாகச் சில மாதம் நீட்டித் தருவது உண்டு, அதை டெலிவரி எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டு, கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். 'பூரண திருப்தி' என்று கையெழுத்துப் போட்டு சாவியை வாங்கின பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்திலேயே 'தாமதம் குறித்த புகார் நிலுவையில் உள்ளது' என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள்.